டொராண்டோ தட்டில் என்ன இருந்தது? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளின் எடையும் உணவும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னிக்கு ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவில் பாஸ்டன், கனடாவில் டொராண்டோ. ரெண்டுமே பெரிய நகரம், நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கிற இடம். ரெண்டு ஊரிலும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய்க்குப் பெரிய கிளினிக் இருந்தது. 1970-களில் ஆரம்பித்து சுமார் பத்து வருட காலத்துக்கு, பாஸ்டன் கிளினிக்கில் 499 பேர், டொராண்டோ கிளினிக்கில் 534 பேர். இவர்களுடைய விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1988-ல் கட்டுரை வந்தது.

இந்த நோயில் பெரும்பாலும் உயிரை எடுப்பது நுரையீரல்தான். ஒவ்வொரு வயதிலும் ரெண்டு ஊர் நோயாளிகளின் நுரையீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அப்போ ஆயுளும் ஒரே மாதிரிதானே இருக்கணும்? இல்லை. பாஸ்டனில் நோயாளிகளின் சராசரி ஆயுளாகக் கணக்கிடப்பட்டது 21 வயது. டொராண்டோவில் 30.

ஒன்பது வருஷம். இருபத்தொரு வயசுல முடியற வாழ்க்கைக்கு இன்னொரு ஒன்பது வருஷம் கிடைக்குதுன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

என்ன வித்தியாசம்? டொராண்டோக்காரர்கள் உயரமாக இருந்தார்கள். ஆண்கள் எடையும் கூடுதலாக இருந்தார்கள். காரணத்தைத் தேடிப்போனால், கண்ணில் பட்டது மருந்து அலமாரி இல்லை, சாப்பாட்டுத் தட்டு. டொராண்டோவில் வெண்ணெய், முழுக் கொழுப்புப் பால், முட்டை எல்லாம் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார்கள். மற்ற பல இடங்களில் அதே நோயாளிகளிடம் கொழுப்பைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னிக்கு எபிசோட் இதைப் பத்தித்தான். ஒரு சின்னக் குழந்தை எடை போடறதுக்கும் அதோட நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? அந்த எடையைப் போட வைக்க வீட்டில் நடக்கிற போராட்டம் எப்படி இருக்கும்?

முதலில், இது என்ன நோய்?

நம் உடம்பில் பல உறுப்புகளின் உள் பக்கம் வழவழப்பாக, ஈரமாக இருக்கணும். அதற்கு உப்பும் தண்ணீரும் செல்லுக்குள்ளிருந்து வெளியே சரியான அளவில் வந்து போகணும். அந்த உப்புக்குக் கதவு மாதிரி வேலை செய்யும் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் சி.எஃப்.டி.ஆர். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருந்தால் கதவு சரியாகத் திறக்காது. அதனால் சளி தண்ணியாக இல்லாமல் கோந்து மாதிரி கெட்டியாகிவிடும்.

நுரையீரலில் அந்தச் சளி தேங்கும், கிருமி குடியேறும், திரும்பத் திரும்பத் தொற்று வரும். இது எல்லாரும் கேள்விப்பட்ட பாதி. கேள்விப்படாத பாதி வயிற்றில் நடக்கிறது. கணையத்தில் சுரக்கும் செரிமான என்சைம்கள் குடலுக்குப் போகும் குழாய்கள் அடைத்துவிடும். என்சைம் வராவிட்டால் சாப்பாடு செரிக்காது, குறிப்பாகக் கொழுப்பு. இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேருக்குக் கணையம் இப்படித்தான் கைவிட்டுவிடுகிறது. குழந்தை பசி பசி என்று சாப்பிடும், ஆனால் உடம்பு ஏறாது. சாப்பிட்ட கொழுப்பு அப்படியே எண்ணெய்ப் பசையுள்ள, நாற்றமடிக்கும் மலமாக வெளியே போய்விடும்.

1938-ல் இந்த நோயைத் தனி நோயாக அடையாளம் காட்டியவர் டோரதி ஆண்டர்சன். நியூயார்க்கில் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் நோய்க்கூறு மருத்துவர். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயால் இறந்ததாக நினைத்த குழந்தைகளின் உடலைப் பரிசோதிக்கும்போது, கணையம் முழுக்க நார் நாராக, கட்டி கட்டியாக இருப்பதைப் பார்த்தார். நோயின் பெயரே அங்கிருந்து வந்ததுதான். பேரிலேயே இருக்கிறது கணையம், நுரையீரல் இல்லை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

அப்பா, அம்மா இருவருமே பிழையுள்ள மரபணுவில் ஒன்றைச் சுமந்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் இருவரும் ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள், தங்களுக்குள் இது இருப்பது அவர்களுக்கே தெரியாது. யாரும் எதையும் தப்பாகச் சாப்பிட்டதால் வருவதில்லை.

கொழுப்பைத் தடை செய்த காலம்

இப்போ ஒரு டாக்டரா யோசிங்க. ஒரு குழந்தைக்குக் கொழுப்பு செரிக்கவில்லை. சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, வலிக்கிறது, நாலஞ்சு தடவை போகிறது. என்ன சொல்வீங்க? கொழுப்பைக் குறைங்கன்னுதான். பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க டாக்டர்கள் அதைத்தான் சொன்னார்கள். கொழுப்பு நீக்கிய பால், வெண்ணெய் இல்லாத ரொட்டி, வேகவைத்த மெலிந்த இறைச்சி. மலம் கொஞ்சம் சரியாகும், வயிற்று வலி குறையும். எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. கொழுப்பை எடுத்துவிட்டால் இருப்பதிலேயே அடர்த்தியான எரிபொருளை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். சின்ன வயிறு, கொஞ்சம்தான் கொள்ளும். அதிலும் கலோரி குறைந்த சாப்பாட்டை நிரப்பினால் குழந்தை எங்கிருந்து வளரும்? அறிகுறி அடங்கியது, குழந்தை மெலிந்தது. இந்த நோய் வந்தால் குழந்தை ஒல்லியாகத்தான் இருக்கும், அது நோயின் இயல்பு என்று எல்லாரும் நம்ப ஆரம்பித்தார்கள்.

டொராண்டோவில் குழந்தைகள் மருத்துவமனையில் டக்ளஸ் குரோசியர் என்ற டாக்டர் இதைத் திருப்பிப் போட்டார். செரிக்கவில்லை என்றால் சாப்பாட்டைக் குறைப்பானேன், செரிக்க வைப்பதைக் கூட்டுவோமே என்பது அவர் வழி. பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த என்சைமை மாத்திரையாகக் கொடுப்பது அப்போதே இருந்தது. அதை ஒவ்வொரு வேளையும் தாராளமாகக் கொடுத்து, குழந்தை விரும்பும் சாப்பாட்டைக் கொழுப்போடு சாப்பிட விட்டார்கள். 1974-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது அவ்வளவு உயிர்க்கொல்லி நோய் இல்லை என்ற பொருளில் இருந்தது. அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல தைரியம் வேணும்.

அதற்கான பதில்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன 1988 கணக்கு. ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடறேன். இது சோதனைக்காகப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை, ரெண்டு ஊரை ஒப்பிட்டது. ரெண்டு ஊருக்கும் நடுவே வேற வித்தியாசங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் அதற்குப் பிறகு கொழுப்பைத் தடுக்கும் வழக்கம் உலகம் முழுக்க மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது.

எடைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்?

நியாயமான கேள்வி. சளி அடைப்பது நுரையீரலில், அதற்கு வெண்ணெய் என்ன செய்யும்?

மூணு விஷயம் இருக்கு. ஒன்று, மூச்சு விடுவதே ஒரு உழைப்பு. கெட்டிச் சளி தேங்கிய நுரையீரலை இழுத்து விரிக்க விலாத் தசைகளும் உதரவிதானமும் அதிகமாக வேலை செய்யணும். ஊட்டம் இல்லாத உடம்பு தசையையும் கரைக்க ஆரம்பிக்கும். இருமிச் சளியை வெளியே தள்ளவே பலம் வேணும்.

ரெண்டு, தொற்று. ஒவ்வொரு தடவை நுரையீரலில் தொற்று வரும்போதும் உடம்பு கலோரியை எரித்துச் சண்டை போடும். அதே நேரத்தில் குழந்தைக்குப் பசியும் போய்விடும். கையிருப்பு இல்லாத குழந்தை ஒவ்வொரு தொற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். எடை என்பது இங்கே சேமிப்புக் கணக்கு மாதிரி.

மூணு, இதுதான் சின்னக் குழந்தைகளுக்கு முக்கியம். பிறந்த பிறகும் நுரையீரல் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். புதுப் புது காற்றறைகள் உருவாவது பெரும்பாலும் முதல் சில வருடங்களில். உடம்பு வளராத காலத்தில் நுரையீரல் மட்டும் தனியாக வளராது. அந்த வாய்ப்பு திரும்ப வராது.

2013-ல் அமெரிக்க நோயாளிகள் பதிவேட்டை வைத்து ஒரு ஆய்வு வந்தது. 1989-க்கும் 1992-க்கும் இடையில் பிறந்த 3,142 குழந்தைகள். நாலு வயதில் யாருடைய எடை நன்றாக இருந்ததோ, அவர்கள் பிற்பாடு உயரமாக வளர்ந்தார்கள், நுரையீரல் நன்றாக வேலை செய்தது, ஆஸ்பத்திரியில் கழித்த நாட்கள் குறைவு, பதினெட்டு வயதைத் தாண்டியவர்களும் அதிகம். நாலு வயசு எடை பதினெட்டு வயசு வரைக்கும் பேசுது.

அதனால்தான் பிறந்தவுடன் கண்டுபிடிப்பது இவ்வளவு முக்கியம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் 1985 முதல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பிறந்த குழந்தையின் ரத்தத்துளியிலேயே நோயைக் கண்டுபிடித்த குழுவும், அறிகுறி வந்த பிறகு கண்டுபிடித்த குழுவும் ஒப்பிடப்பட்டன. சீக்கிரம் கண்டுபிடித்தவர்களின் வளர்ச்சி நன்றாக இருந்தது. 2010-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை வந்துவிட்டது.

எவ்வளவு எடை, எவ்வளவு சாப்பாடு?

குழந்தை டாக்டரிடம் வளர்ச்சி அட்டவணை பார்த்திருப்பீங்க. 50-வது பெர்சென்டைல்னா, அதே வயசுக் குழந்தைகள் நூறு பேரை வரிசையா நிறுத்தினா நடுவில் நிற்கிற குழந்தை. அமெரிக்க வழிகாட்டுதல் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளுக்கும் அந்த நடு இடத்தைத்தான் இலக்காக வைக்கிறது. ரெண்டு வயது வரை உயரத்துக்கேற்ற எடையில், அதற்குப் பிறகு உடல் எடைக் குறியீட்டில். நோயாளிக் குழந்தை என்பதால் கொஞ்சம் குறைவாக இருந்தால் பரவாயில்லை என்ற சலுகையே கிடையாது. இந்த மனமாற்றம் வரத்தான் இத்தனை வருஷம் ஆச்சு.

அந்த இடத்தைப் பிடிக்க, அதே வயது ஆரோக்கியமான குழந்தைக்குத் தேவையான கலோரியில் 110 சதவீதத்திலிருந்து 200 சதவீதம் வரை தேவைப்படலாம். ஒரு மூணு வயதுக் குழந்தைக்குச் சாதாரணமாக ஆயிரத்து இருநூறு கலோரி போதும் என்று வச்சுக்கலாம். இந்தக் குழந்தைக்கு ஆயிரத்து முந்நூறில் ஆரம்பித்து ரெண்டாயிரத்து நானூறு வரைகூட வேண்டியிருக்கும். மேல் எல்லை ஒரு பெரியவர் சாப்பிடும் அளவு. மொத்த கலோரியில் 35 முதல் 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வரட்டும் என்கிறார்கள்.

மூணு வயசுக் குழந்தையை ரெண்டு மடங்கு சாப்பிட வைக்க முடியுமா? முடியாது. அதனால் டயட்டீஷியன்கள் சொல்வது, அளவைக் கூட்டாதீங்க, அடர்த்தியைக் கூட்டுங்க. ஒரு டீஸ்பூன் நெய்யில் சுமார் 45 கலோரி. அது சாதத்தில் கரைந்துவிட்டால் தட்டு பெரிசாவதில்லை. பாலில் க்ரீம், கஞ்சியில் வெண்ணெய், ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய், முட்டையில் சீஸ். அதே கிண்ணம், அதே அளவு, உள்ளே மட்டும் கூடுதல் சத்து. மூணு வேளைச் சாப்பாடு, நடுவில் ரெண்டு மூணு சிற்றுண்டி.

ஆனால் என்சைம் இல்லாமல் இதெல்லாம் வீண். கொழுப்புள்ள ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், சிற்றுண்டிக்கும், பாலுக்கும் முன்னால் என்சைம் போகணும். இது இப்போது சின்னச் சின்ன மணிகளாகக் கேப்சூலுக்குள் வருகிறது. வயிற்று அமிலம் அதை அழித்துவிடாமல் இருக்க ஒவ்வொரு மணிக்கும் மேலே பூச்சு இருக்கும். விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் கேப்சூலைத் திறந்து, ஆப்பிள் கூழ் மாதிரி லேசான புளிப்புள்ள உணவில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுப்பார்கள். சூடான சாப்பாட்டில் போடக்கூடாது, மெல்லவும் கூடாது. மெல்லினால் பூச்சு உடையும், வாயில் தங்கினால் புண்ணாகும். அதனால் கொடுத்த பிறகு ஈறு, கன்னத்து உள்பக்கம் எல்லாம் மணி ஒட்டியிருக்கா என்று பார்ப்பார்கள்.

அளவை டாக்டர்தான் நிர்ணயிக்கணும். குழந்தையின் எடையை வைத்து ஒரு வேளைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு இருக்கிறது. காரணமும் இருக்கு. 1990-களின் நடுவில் அதிக வீரியமுள்ள என்சைம்களை நிறையக் கொடுத்த சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கியது. அதன் பிறகுதான் வரம்பு வைத்தார்கள். எடை ஏறலைன்னு வீட்லயே கேப்சூல் எண்ணிக்கையைக் கூட்டறது ஆபத்து.

கொழுப்போடு சேர்ந்து வெளியேறும் இன்னொன்று, கொழுப்பில் கரையும் வைட்டமின்களான ஏ, டி, ஈ, கே. அதற்குத் தனியாகச் சொட்டு மருந்தோ மாத்திரையோ உண்டு.

அப்புறம் உப்பு. இவர்களின் வியர்வையில் உப்பு அதிகமாக வெளியேறும். முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை பிழைக்காது என்று பழைய ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கையே இருந்தது. 1948-ல் நியூயார்க்கில் கடும் வெயில் அலை வந்தபோது, உடல் உப்பு வறண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பலர் இந்த நோயாளிகள் என்பதை டாக்டர்கள் கவனித்தார்கள். அதைத் தொடர்ந்துதான் பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற டாக்டர் 1953-ல் வியர்வை உப்பை அளந்து காட்டினார். இன்றும் நோயை உறுதி செய்வது வியர்வைச் சோதனைதான். எல்லாரிடமும் உப்பைக் குறை என்று சொல்லும் உலகத்தில், இந்தக் கைக்குழந்தைகளுக்கு டாக்டர் அளந்து உப்பு சேர்க்கச் சொல்வார்.

சாப்பாட்டு மேஜையில் நடக்கிற சண்டை

இது வரைக்கும் சொன்னது கணக்கு. இப்போ மனுஷங்க.

உங்களுக்கு ரெண்டு வயசுல ஒரு குழந்தை இருக்குன்னு நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு வாயும் அதோட நுரையீரலுக்குப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கிளினிக்ல தராசு இருக்கும், அந்த எண்ணை எல்லாரும் பார்ப்பாங்க. குழந்தை வாயை இறுக்க மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறது. நீங்க என்ன செய்வீங்க?

கெஞ்சுவோம். இன்னும் ஒரே ஒரு வாய். கதை சொல்வோம், போனைக் காட்டுவோம், மிரட்டுவோம், துரத்திக்கொண்டு ஓடுவோம். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டற ஊர்க்காரங்க நாம, நமக்கு இது புதுசில்லை. ஆனால் சாதாரணக் குழந்தை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அடுத்த வேளை பசித்துச் சாப்பிடும், அம்மா அப்பாவும் விட்டுவிடலாம். இங்கே விட முடியாதே என்ற பயம் இருக்கிறது.

லோரி ஸ்டார்க், ஸ்காட் பவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களும் அவர்களது குழுவினரும் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டை வீடியோ எடுத்து, இந்த நோய் உள்ள குழந்தைகளையும் இல்லாத குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். நோய் உள்ள குழந்தைகளின் வீட்டில் சாப்பாடு அதிக நேரம் நீண்டது. பெற்றோர் அதிகமாகக் கெஞ்சினார்கள், கட்டளையிட்டார்கள், ஊட்டிவிட்டார்கள். இவ்வளவு செய்தும் குழந்தைகள் தேவையான கலோரியைத் தொடவில்லை.

ஏன்? குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்க. சாப்பிடாம இருந்தா எல்லாரோட கவனமும் என்மேல. சாப்பிட்டா அம்மா நிம்மதியா வேற வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. அப்போ எது லாபம்? ரெண்டு வயசுக்கு இந்தக் கணக்கு நல்லாவே தெரியும். தன் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் வாயை மூடுவதுதான் என்பதும் தெரியும். நாள் முழுக்க நெபுலைசர், சளி வெளியேற முதுகில் தட்டுவது, மருந்து என்று எதையும் மறுக்க முடியாத குழந்தைக்கு, மறுக்க முடிகிற ஒரே இடம் தட்டு.

அவர்கள் சொல்லிக்கொடுத்த வழி கேட்க எளிமையானது, செய்யக் கஷ்டமானது. சாப்பிடும்போது பாராட்டுங்க, மறுக்கும்போது கண்டுக்காதீங்க. சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு எல்லை வைங்க. நேரம் முடிஞ்சா சண்டை இல்லாமத் தட்டை எடுங்க, அடுத்த சிற்றுண்டி இருக்கு. ஒரே நாளில் எல்லாத்தையும் மாத்தாதீங்க. முதலில் சிற்றுண்டியில் கலோரியைக் கூட்டுங்க, அப்புறம் காலைச் சாப்பாடு, அப்புறம் மற்றவை. புதுசா ஒன்றை ஒரு சின்னத் துண்டு ருசி பார்த்தாலே அதைக் கொண்டாடுங்க.

2015-ல் வெளியான ஆய்வில் ரெண்டிலிருந்து ஆறு வயது வரையான 78 குழந்தைகளை ரெண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் குழந்தைகள் சாப்பிட்ட கலோரி நன்றாகக் கூடியது, தொடர்ந்து கவனித்ததில் உயர வளர்ச்சியும் கூடுதலாக இருந்தது. எடையில் மட்டும் ரெண்டு குழுவுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மந்திரம் இல்லை இது. ஆனால் கெஞ்சலை நிறுத்தினால் குழந்தை பட்டினி கிடக்கும் என்ற பயத்துக்கு இது ஒரு பதில்.

இவ்வளவு செய்தும் எடை ஏறாத குழந்தைகளும் உண்டு. அப்போது வயிற்றில் சின்னத் துளை வழியாகக் குழாய் வைத்து ராத்திரி தூங்கும்போது உணவு செலுத்துவார்கள். பல பெற்றோர் இதைத் தோல்வியாக நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. ராத்திரி குழாய் வேலை செய்யும்போது, பகல் சாப்பாடு மறுபடியும் வெறும் சாப்பாடாகிவிடுகிறது. யாரும் எண்ண வேண்டியதில்லை.

இப்போ என்ன மாறியிருக்கு?

1989-ல் நோய்க்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் லாப்-சி சூய். வேலை பார்த்தது டொராண்டோவின் அதே குழந்தைகள் மருத்துவமனையில். முப்பது வருடம் கழித்து, 2019-ல் டிரிகாஃப்டா என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்று மருந்துகளின் கூட்டு. அந்தப் பழுதான கதவையே சரிசெய்யப் பார்க்கிறது. முதலில் 12 வயதுக்கு மேல், 2021-ல் ஆறு வயது, 2023-ல் ரெண்டு வயதுக் குழந்தைகள் வரை வந்துவிட்டது.

இதனால் சாப்பாட்டுப் பேச்சே மாறிக்கொண்டிருக்கிறது. மருந்து வேலை செய்பவர்களுக்கு எடை தானாக ஏறுகிறது, சிலருக்கு அளவுக்கு மேலேயே ஏறுகிறது. எதுவானாலும் சரி கலோரி இருந்தால் போதும் என்று சிப்ஸும் சாக்லேட்டும் மில்க்ஷேக்கும் கொடுத்துப் பழகிய வீடுகளில், இனி நல்ல கொழுப்பு எது என்ற கேள்வி வந்திருக்கிறது. இந்தக் குழந்தைகள் இனி ஐம்பது அறுபது வயது வரை வாழப் போகிறவர்கள், அவர்களுக்கு இதயமும் முக்கியம். புது வழிகாட்டுதல்களும் வயதுக்கேற்ற சத்தான உணவு, அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு என்றுதான் பேசுகின்றன.

ஆனால் அந்த மருந்தின் அமெரிக்க விலை வருஷத்துக்கு மூணு லட்சம் டாலருக்கு மேல். அது கைக்கு எட்டாத இடங்களில் இன்னும் 1974-தான் நடக்குது. அதில் நம்ம நாடும் இருக்கு. இந்தியாவில் இது வெள்ளைக்காரங்க வியாதி என்று ரொம்ப நாள் நினைத்தார்கள். அப்படி இல்லை. டெல்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் இந்தக் குழந்தைகளுக்குச் சிகிச்சை நடக்கிறது. பிரச்சினை என்னன்னா, பிறந்தவுடன் எல்லாக் குழந்தைக்கும் சோதனை செய்யும் வழக்கம் இங்கே இல்லை. எடை ஏறாத, இருமிக்கொண்டே இருக்கும் குழந்தையை முதலில் சத்துக் குறைவு, ஆஸ்துமா, டி.பி. என்றுதான் பார்ப்பார்கள். நம்ம ஊர் வெயிலில் கைக்குழந்தை உப்பை இழந்து துவண்டு போவது முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

நோய் உறுதியான வீட்டில் நம்ம சமையலறை நல்லாவே கைகொடுக்கும். பொங்கலில் இன்னும் ஒரு ஸ்பூன் நெய், தேங்காய்ப்பால் ஊற்றின கஞ்சி, நைசா அரைச்ச வேர்க்கடலைப் பொடி, பருப்பு சாதத்தில் முட்டை. முழுக் கடலை மட்டும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும். என்சைமும் வைட்டமினும் கூடவே போகணும்.

முடிக்கும் முன்

டொராண்டோவில் அன்னிக்குச் செய்தது ரெண்டு விஷயம். நோய்க்காகச் சாப்பாட்டை வெட்டாமல், சாப்பாட்டுக்காக மருந்தைக் கொடுத்தாங்க. அதைவிடப் பெரிசு, இந்தக் குழந்தையும் மத்த குழந்தை மாதிரி வளரணும்னு எதிர்பார்த்தாங்க. ஒல்லியா இருக்கறது விதின்னு விடலை.

நம்மில் பலருக்கு நேரடியா இந்த நோயோட சம்பந்தம் இருக்காது. ஆனா ஒல்லியான ஒரு குழந்தையைப் பார்த்து, அதோட அம்மா காதில் விழற மாதிரி "வீட்ல சோறு போடறதில்லையா"ன்னு கேட்கிற பழக்கம் நம்ம எல்லாக் குடும்பத்திலும் இருக்கு. அந்த அம்மா அன்னிக்குக் காலையிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனா எண்ணிக்கிட்டிருக்கலாம். அடுத்த கல்யாண வீட்டில் பெரியம்மா அதை ஆரம்பிச்சா, பேச்சை மாத்திவிடுங்க.

குழந்தை நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை, மலம் எண்ணெயாகப் போகிறது, இருமல் விடவே இல்லை, வியர்வை உப்பாக இருக்கிறது என்றால், குழந்தை டாக்டரிடம் வியர்வைச் சோதனை தேவையா என்று கேளுங்க. இன்னிக்குச் சொன்ன எண்ணெல்லாம் புரிஞ்சுக்கறதுக்குத்தான். மருந்தின் அளவும் உணவின் அளவும் உங்க டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லணும்.